கடைசி அத்தியாயம் இல்லாத கதையும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நான் அக்காவின் தம்பி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று தைரியம் சொல்லி எழுத வைத்தவன் என் மகன். சிங்கப்பூரில் இருக்கிறான். அச்சகத்திலிருந்து மாதிரிப் பக்கம் ஒன்றை வாங்கி போனில் அனுப்பியிருந்தான். அதில் 'பொறுமையின் சிகரம், அன்பின் உறைவிடம், அதிர்ந்து பேசாதவர்' என்று போட்டிருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "யாருங்க இவங்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். அக்கா அதிர்ந்துதான் பேசுவார். கேட்டவர்களுக்குத்தான் பேச்சு வராது.

அக்கா பிறந்தது வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் ஊரில். அப்பா குத்தகைச் சாகுபடி. அக்காவைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். என்னை ஐந்தோடு நிறுத்தி ஏர்மாட்டைப் பிடிக்கச் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் இருந்ததோ இல்லையோ, அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "உன்னைப் படிக்க வச்சிருந்தாலும் பரீட்சையில எந்திரிச்சு நின்னு பேப்பர் கேட்டிருக்க மாட்டடா."

வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதையை வாராவாரம் வெட்டிச் சேர்த்து, முடிந்ததும் புத்தகமாகத் தைத்து வைக்கும் வழக்கம் அப்போது வீட்டுக்கு வீடு உண்டு. எங்கள் வீட்டில் அது என் வேலை. டீக்கடையில் பழைய இதழை வாங்கி வந்து, பிளேடால் பக்கங்களை வெட்டி, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியும் சணலும் கொண்டு நெல் மூட்டை தைப்பது மாதிரி தைத்துவிடுவேன். மேலே காலண்டர் அட்டை. படிக்கிறது அக்கா. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

அக்காவைக் கீழ்வேளூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அப்போது ஒரு தொடர்கதை பாதிதான் வந்திருந்தது. மாமியார் படுத்தும் பாட்டைத் தாங்க முடியாத ஒரு மருமகளின் கதை. மறுவீடு வந்துவிட்டுப் புறப்படும்போது அம்மா அழுதார், அக்கா அழவில்லை. "அந்தக் கதையை விட்டுடாம வெட்டி வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கதையை இழு இழு என்று இழுத்தார்கள். மூன்றாவது பொங்கலுக்குத்தான் முடிந்தது. வரிசை கொண்டுபோகும்போது கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம், புதுப்பானையோடு தைத்த கதையையும் வைத்து எடுத்துப் போனேன். அக்காவின் மாமியார் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"வரிசையில பொஸ்தகம் வைக்கிற ஊரை இப்பத்தான் பாக்குறேன். பேரன் பேத்திக்குத் தொட்டில் கொண்டாந்தா கண்ணு நெறையும்."

தாம்பாளத்தை இறக்கி வைத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அதன் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். தை மாதம், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கிறது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து அக்கா கதையைப் படித்துக்கொண்டிருந்தார். கதையில் வரும் மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்துவிட்டாள். ரயில் வரும் சத்தம் கேட்கிறது. அந்த வாரம் அதோடு நிற்கிறது. அடுத்தது கடைசி அத்தியாயம். பக்கத்தைப் புரட்டும் நேரம் பார்த்து மாமியார் வந்துவிட்டார்.

"காயுற நெல்லை ஆடு திங்கிது. மகாராணிக்குக் கதை கேக்குதா?"

அந்த அம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதைக்கு உயிர் கடைசியில்தான் இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. மொத்தத்தையும் அடுப்பில் போட்டிருந்தால்கூட அக்கா ஆறியிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. கடைசிப் பக்கங்களை மட்டும் கொத்தாகப் பிடித்து இழுத்து எடுத்துக்கொண்டு, மீதியை அக்கா மடியில் எறிந்தார்.

"ஒரு புள்ளையப் பெத்து என் கையில குடு. முடிவைத் தாரேன். மலட்டுச் சிறுக்கிக்கு அதுவரைக்கும் பாதிக்கதை போதும்."

அத்தான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மோர் கேட்டாராம்.

மறுநாள் காலையில் அக்கா பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன்.

"அவ ஏறிட்டாடா" என்றார்.

"எவக்கா?"

"கதையில வர்றவ. பெட்டியத் தூக்கிக்கிட்டு ரயிலடி வரைக்கும் வந்தவ ஏறாம என்ன பண்ணுவா? அதான் நானும் பஸ் ஏறிட்டேன்." பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்டா, நீதான வெட்டுன, நீதான தச்ச. கடைசிப் பாராவையாவது பாத்தியா? ஏறினாளா இல்லையா?"

"பாக்கலக்கா."

"மூட்டை தைக்கிறவனுக்குக்கூட உள்ள இருக்குறது நெல்லா பதரான்னு தெரியும். உன் தையலும் ஒரு தையல். கிழவி இழுத்த ஒரே இழுப்புல வந்துருச்சு."

அப்பாவும் பங்காளிகளும் அக்காவைத் திரும்பக் கொண்டுபோய் விடப் பலமுறை பேசினார்கள். கீழ்வேளூரிலிருந்தும் பெரியவர்கள் வந்தார்கள். அக்கா ஒரே பிடியில் நின்றார். "அந்தக் கடைசிப் பக்கத்தைக் கொண்டாங்க. அவ திரும்பிப் போயிருந்தா நானும் வரேன். ஏறிப் போயிருந்தா என்னை விட்டுருங்க." வந்தவர்கள் சிரித்தார்கள். படித்த பெண்ணைக் கட்டினால் இப்படித்தான் என்றார்கள். ஆனாலும் ஒருவர் போய் அந்த அம்மாளிடம் கேட்டிருக்கிறார். "புள்ளை பெத்தாத்தான் தருவேன்" என்று அவரும் ஒரே பிடி. பெட்டிக்குள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். அந்த வருடமே அத்தானுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. அக்காவின் வாழ்க்கை எங்கள் வீட்டோடு என்று ஆகிவிட்டது.

அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அப்பா இருந்தவரை அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். ஊரில் கல்யாண வீடுகளில் அக்காவைத் தாம்பாளம் தொட விடமாட்டார்கள். வளைகாப்பு வீட்டுக்கு அழைக்கவே மாட்டார்கள். இதையெல்லாம் செய்தவர்களில் சிலர் இந்த மலரையும் வாங்கிப் படிப்பீர்கள். அக்காவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் எல்லோரையும் ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

அக்கா வாழ்ந்தது புத்தகங்களில்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணி அள்ளி, களை எடுத்து, நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் படிப்பார். வலங்கைமான் நூலகத்திலிருந்து கொண்டுவருவது நான். முதலில் சைக்கிள், பிறகு மொபெட். எனக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரியாது. நூலக அம்மாவிடம் கேட்கவும் கூச்சம். அடுத்தமுறை போகும்வரை தாங்க வேண்டும் என்று தடிமனாகப் பார்த்து எடுத்து வருவேன். ஒருமுறை இரண்டாம் பாகத்தை முதலில் எடுத்து வந்துவிட்டேன். ஒரு ராஜா செத்துக் கிடப்பதில் அது தொடங்கியது. பிறகு முதல் பாகம் வந்தபோது அந்த ராஜா வாளைச் சுழற்றிக்கொண்டு குதிரையில் வந்தார். "சாகப்போறது தெரியாம என்னா ஆட்டம் ஆடுறான் பாரு, நம்ம பெரியப்பா மாதிரி" என்றார் அக்கா. திண்டாடிப் போனேன். பெரியப்பா அப்போது எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒரு புத்தகத்தை முடித்ததும் அக்கா சொல்லும் தீர்ப்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பக்கத்துக்குப் பக்கம் அழுகிற ஒரு குடும்பக்கதையைப் படித்துவிட்டு, "பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும். அதுவும் உப்புத்தண்ணி, வயலுக்கு ஆகாது" என்றார். கணவனை இழந்த பெண்ணைப் பற்றி ஓர் ஆண் எழுதிய கதை. அதில் அவள் எப்போது பார்த்தாலும் ஜன்னலில் நின்று நிலாவைப் பார்ப்பாள். "இவளுக்குப் பாத்திரம் தேய்க்கிறது யாரு?" என்று கேட்டார். என் மகன் ஒருமுறை வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கி வந்து கொடுத்தான். அதை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஜெயிச்சவன் எதுக்குடா இத்தனை பக்கம் கெஞ்சுறான்?"

மனைவி பார்க்கும் டிவி தொடரையும் விடமாட்டார். "அந்தப் பொம்பளை ஒரு வாரமா மாடிப்படி இறங்குறா. நம்ம பசு கன்னு போட்டு எந்திரிச்சே போயிருச்சு."

"பாக்குறவங்க பாத்துட்டுப் போறோம். உங்களுக்கு என்ன அண்ணி?" என்பாள் என் மனைவி.

"ஒண்ணுமில்லம்மா. மாமியார் இல்லாத வீட்டுல வாக்கப்பட்டவ, காசு குடுக்காம டிவியில பாத்துக்கிற. பாரு."

மனைவி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். இப்படி அவளை அழவைத்த நாட்கள் உண்டு. அதை நான் மறைத்து எழுதினால் அவளுக்குச் செய்யும் அநியாயம்.

நானும் தப்பவில்லை. பெரிய நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "உன்னை இதுல பாத்தேன்டா." எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "எங்கக்கா?" என்றேன். "நடுவுல ஒரு வேலைக்காரன் வர்றான். கதவைத் திறந்துவிட்டுட்டுப் போயிடுறான். பேருகூட வைக்கலை."

ஒரே ஒரு புத்தகத்தைத்தான் அக்கா கிண்டல் செய்யவில்லை. மெலிந்த புத்தகம், வேறு கிடைக்காததால் எடுத்து வந்தது. கறவை வற்றிய பசுவைச் சந்தைக்கு ஓட்டிப் போய், விற்றுவிட்டு, கயிற்றோடு வீடு திரும்பும் ஒருவனின் கதையாம். முடித்த அன்று அக்கா சாப்பிடவில்லை. நான் தயங்கித் தயங்கி, "நல்லாருக்காக்கா?" என்று கேட்டேன். "இவன் பொய் சொல்லலைடா" என்றார். பிறகு புத்தகத்தை என் கையில் கொடுத்து, "சீக்கிரம் கொண்டுபோய்க் குடுத்துடு. வீட்ல இருக்க வேணாம்" என்றார்.

இவ்வளவு படித்தும், தைத்த அந்தப் பழைய கதையை அக்கா விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ரயிலடிவரை படித்துவிட்டு மூடி வைப்பார். அது புத்தகமாக வரவே இல்லை. பத்திரிகையும் நின்றுவிட்டது. தஞ்சாவூருக்குப் போகும்போதெல்லாம் பழைய பேப்பர் கடைகளில் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் இதழ் கிடைக்கவில்லை. நடவு நேரத்தில்கூட திடீரென்று கேட்பார். "ஏறியிருப்பால்லடா?" "ஏறியிருப்பாக்கா" என்பேன். "உனக்கென்ன தெரியும், மூட்டை தச்சவனுக்கு" என்பார். ஆனால் நான் சொல்லாவிட்டால் விடமாட்டார். தான் செய்தது சரியா தவறா என்று கேட்க அக்காவுக்கு வேறு ஆள் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

அக்காவின் மாமியார் இறந்த செய்தி வந்தபோது அக்கா என்னைத் துக்கத்துக்குப் போகச் சொன்னார். "நல்லதுக்குப் போகலைன்னாலும் கெட்டதுக்குப் போகணும். போனவன் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிட்டு வா."

போனேன். பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்தேன். அத்தான் தலையாட்டினார். பெண்கள் மாரடித்து அழுதார்கள். "பெட்டியைத் திறந்து ஒரு கதையோட கடைசிப் பக்கத்தை எடுத்துக் கொடுங்க" என்று சாவு வீட்டில் எப்படிக் கேட்பது? பாடைத் தேர் கட்டுகிறவரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அத்தான் பக்கத்தில் வந்து, "சாப்டியா?" என்றார். "சாப்டேன் அத்தான்" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பார்த்தார். "எழவு வீட்டுக்குப் போய்க் காப்பி குடிச்சிட்டு வந்தியா? சரி, போய்க் குளி."

சர்க்கரை அக்காவின் கண்ணைத்தான் முதலில் எடுத்தது. அப்புறம் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். சத்தமும் வராது. "வாயில நாத்துக்கட்டா வச்சிருக்க? துப்பிட்டுப் படி" என்பார். ஆணும் பெண்ணும் தனியாக இருக்கும் இடம் வந்தால் எனக்குக் கூச்சம். தாண்டிப் போய்விடுவேன். உடனே பிடித்துவிடுவார். "இப்பத்தான் கதவைச் சாத்துனாங்க. அதுக்குள்ள எப்படிடா விடிஞ்சுது?"

ஒருநாள் அக்கா ரொம்பச் சோர்ந்திருந்தார். அந்த முடிவு கிடைத்துவிட்டது என்று சொல்லி, வெறும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். அவள் ரயில் ஏறினாள். ஊரில் இறங்கினாள். தம்பி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

அக்கா கடைசிவரை கேட்டார். "இது நீ எழுதினதுடா" என்றார். "இல்லக்கா." "ஸ்டேஷன்லேருந்து வீடு வரைக்கும் ரெண்டு பேர்ல ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா பாரு." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "பரவால்ல, பெட்டிய வாங்கிக்கிட்டான்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிறுநீரகமும் கெட்டு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்ன பிறகு, கீழ்வேளூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அத்தானின் இரண்டாவது மனைவி. அக்கா அவரை அதுவரை பார்த்ததில்லை. கையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு மஞ்சள் பையும் இருந்தன.

"யாருடி அது?" என்று அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நான்தான்க்கா. கீழ்வேளூரு."

"ஓ. என் எடத்துல இருக்கிறவளா. வா, உக்காரு. பாய் அழுக்கா இருக்கும், உன் பொடவையைப் பாத்துக்க."

அவர் பாயிலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து பழுப்பேறிய காகிதங்களை எடுத்தார். ஓரத்தில் என் சணலின் ஓட்டைகள் இருந்தன.

"அத்தை பெட்டியில இருந்துச்சு. அவங்க போனதும் எடுத்தேன். இத்தனை வருசமும் நான்தான் வச்சிருந்தேன்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எட்டாவதுக்கா."

"படிச்சியா?"

"படிச்சேன். அதான் குடுக்கலை." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இதைப் படிச்சா நீங்க திரும்பி வந்துருவீங்களோன்னு பயம். ரெண்டு பொண்ணை வச்சிருந்தேன். அவரும் உங்களைத் தள்ளிவச்சதா எழுதி வாங்கலை. தப்புன்னா தப்புதான்."

அக்கா என்னிடம், "படிடா. சத்தமாப் படி" என்றார்.

படித்தேன். ரயில் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கினாள். அப்போது அவளுக்கு வாசலில் தான் ஏற்றிவைத்த விளக்கு நினைவுக்கு வந்தது. கண்ணீர் பெருகியது. ரயில் போய்விட்டது. மாட்டுவண்டி பிடித்துத் திரும்பி வந்தாள். மாமியாரின் காலில் விழுந்து, புத்தி கெட்டுப் போனேன், மன்னியுங்கள் என்றாள். மாமியார் அவளைத் தூக்கி நிறுத்தி மகளே என்றார். அடுத்த மாதம் அவள் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். சுபம்.

நான் நிறுத்தினேன். வந்தவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். என் மனைவி அடுப்படி நிலையில் நின்றாள்.

"ரயில் வந்துச்சுல்ல?" என்றார் அக்கா.

"வந்துச்சுக்கா."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"வெளக்கு ஞாபகம் வந்துருச்சாம்." அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தார். பிறகு கையை நீட்டித் துழாவி வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பயந்தது சரிதான்டி. அன்னைக்கு இதைப் படிச்சிருந்தா அவ கால்ல விழுந்திருப்பேன். எனக்கு அப்ப கதையில வர்றதெல்லாம் வேதம். பஞ்சாயத்துக்கு வந்தவங்ககிட்ட ஒரு தடவை குடுத்தனுப்பியிருந்தா போதும், நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பேன். கடைசி வரைக்கும் அவ கால் கழுவிக்கிட்டுக் கெடந்திருப்பேன். வாந்தியும் வந்திருக்காது."

என் மனைவி நிலையை விட்டு உள்ளே வந்தாள்.

"கிழவிக்கு எழுத்து மட்டும் தெரிஞ்சிருந்தா," என்றார் அக்கா, "நான் செத்தேன்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தது என் மனைவி. பிறகு வந்தவரும் அழுதுகொண்டே சிரித்தார். நான் அந்தக் காகிதங்களை என்ன செய்வது என்று கேட்டேன். பழைய புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"தச்ச வரைக்கும் போதும். இதை உன் பொண்டாட்டிகிட்ட குடு. கெண்டை மீன் ஆயுறதுக்குக் கீழ போட ஆகும்."

மறுநாள் அப்படியே ஆனது. அந்த மீன் குழம்பில் அக்கா இரண்டு வாய் சாப்பிட்டார். அதன் பிறகு கஞ்சிதான். அந்த வாரக் கடைசியில், விடிந்து மாடு கத்தும் நேரத்தில் போய்விட்டார். என்னிடம் கடைசியாகக் கேட்டது, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயா என்பதுதான்.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கெடு தாண்டிக் கொண்டுபோனாலும் முகம் சுளிக்காமல் புத்தகம் கொடுத்த நூலக அம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்குக் காரைக் கொடுத்து வாடகை வாங்க மறுத்த பக்கத்து வீட்டாருக்கும், இத்தனை வருடம் பேச்சு வாங்கியும் கடைசி மாதங்களில் அக்காவை ஒரு குழந்தையைப் போலக் குளிப்பாட்டி விட்ட என் மனைவிக்கும் நன்றி. பயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போன கீழ்வேளூர் அக்காவுக்கும், காரியத்தன்று வந்து பந்தி பரிமாறிய அவருடைய இரண்டு பெண்களுக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி அக்கா எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகன் வேண்டாம் என்றான், உறவுக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றான். அக்கா சொல்லி நான் மீறியதில்லை. முடிவைப் பூட்டி வைத்து, எங்கள் அக்காவை எங்களுக்கே திருப்பித் தந்த அவருடைய மாமியாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.